தூரக் கண்ணாடி

ஐப்பசி, சனிக்கிழமை இரவு

பேத்தி சுவேதா வேட்டைக்கு அனுமதி தரும் பரீட்சையில் முதல் தரமே பாஸ். இந்தப் பிரெடெரிசியா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். இன்று துவக்குக் கடைக்கு என்னையும் கூட்டிப்போனாள். பாரம் குறைந்த துவக்கு காட்டில் சுமக்க நல்லதாம். பாரமானது தூரக் குறிக்குச் சுடும்போது அசையாதாம். இரண்டுக்கும் ஏற்ற ஒன்றைத் தேடினாள்.

“ஏன் தூரத்துக்கு? கிட்டப் போய்ச் சுடன், பிள்ளை.”

“கிட்டப் போனால் மான் நிண்டு வணக்கம் சொல்லுமே, அம்மம்மா?”

“தூரத்திலை மானோ மனிசனோ எண்டு தெரியுமே?”

சிரித்துக்கொண்டே, துவக்கில் பூட்டும் தூரக் கண்ணாடியை மட்டும் என் கையில் தந்தாள். யன்னலால் பார்த்தேன். தெருக்கோடியில் பஸ்ஸுக்கு நின்றவரின் நரைத்த மீசை தெரிந்தது. அவர் கொட்டாவி விட்டதும் தெரிந்தது.

கடைசியில் நடுத்தரப் பாரத்தில் ஒன்றை எடுத்தாள். “நல்லதுதானே?” என்றாள். “ஓம்” என்றேன்.

ஊரில் சண்டை நடந்த காலத்தில் என் மனுசனைக் காவலரணிலிருந்து சுட்டவன், தூரத்தில் ஆளைத் தெரியாமல் சுட்டிருப்பான் என்றுதான் இத்தனை வருடமும் மனதை ஆற்றினேன். அவனிடமும் இப்படி ஒரு கண்ணாடி இருந்திருக்குமோ? அன்று வயல் வரம்பில் அவர் தோளில் சுவேதாவின் தாய் இருந்தாள். சின்னப் பிள்ளை. கைதட்டிச் சிரித்துக்கொண்டு வந்தாள். அந்தச் சிரிப்பையும் பார்த்துவிட்டுத்தான் சுட்டானோ?