ஜோத்பூராருக்கு ஒரு சொம்பு தண்ணீர்

1936 ஏப்ரல் 20, திங்கள்

தம்பி பிச்சுமணி ரயில்வே வேலையிலிருந்து லீவில் வந்திருக்கிறான். ஜோத்பூரிலிருந்து வருபவன் அக்காவுக்கு வளையல் கொண்டு வரக் கூடாதோ? வேட்டியில் சுருட்டி ஒரு முள்தூண் கொண்டுவந்தான்! ஏதோ கள்ளி ஜாதியாம். ஒரு முழம் இருக்கும். இலையும் இல்லை, கிளையும் இல்லை. உடம்பெல்லாம் வரிவரியாக மடிப்பு, மடிப்புக்கு மடிப்பு முள். நேராக மேலேதான் வளருமாம், ஆள் உயரத்தையும் தாண்டி. பார்த்ததுமே எனக்குப் பிடித்துப் போயிற்று. இந்த வீட்டில் எனக்கே எனக்கென்று ஒன்று. ஜோத்பூரார் என்று பெயர் வைத்துவிட்டேன்.

ஊருக்கு மங்கலத்தம்மாள், நான் கூப்பிடுவது அம்மா என்று – என் மாமியாருக்குத்தான் அது பிடிக்கவில்லை. "முள்ளு நிக்கற ஆத்துல சண்டை ஓயாது. வெளியிலே போடு."

என் ஆத்துக்காரர் – இவர் – பேப்பரிலிருந்து தலை நிமிராமல், "செடி வர்றதுக்கு முன்னாலே மட்டும் இங்கே என்ன வாழ்ந்துது?" என்றார். சிரிப்பை அடக்க நான் சமையலறைக்கு ஓடினேன்.

கடைசியில் அம்மா கெடு வைத்தார். நவராத்திரி வரை பார்ப்பாராம். ஆத்துக்கு ஆகவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிடுவாராம். பார்ப்போம்.

ஏப்ரல் 23

மணலும் உடைந்த ஓட்டுத் துண்டும் போட்டுத் தொட்டியில் நட்டாயிற்று. கொல்லையில் நல்ல வெயில் விழுவது துளசி மாடத்துக்குப் பக்கத்தில்தான். அங்கேயே வைத்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு துளசியைச் சுற்றுகிறார்.

ஜூன் 5

மழையா இது! வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. தண்ணீர் அதிகமானால் அழுகிவிடும் என்றானே பிச்சுமணி! இவருடைய குடையை ஜோத்பூராருக்கு மேலே கட்டிவிட்டேன். இவர் நனைந்துகொண்டே ஆபீஸ் போய் வந்தார். "உன் செடிக்கு ஜலதோஷம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டுத் தும்மினார். நாளைக்கே ஒரு ஓலைக்குடை வாங்க வேண்டும். செடிக்குத்தான்.

ஜூலை 12

வளர்ந்திருக்கிறார்! உச்சியில் இளம்பச்சை!

ஆகஸ்ட் 3

தங்கைக்குப் பிரசவ சமயம். நாளை நாகர்கோவில் பஸ். "செடியை யாரும் தொடாண்டாம், ஒண்ணும் செய்யாண்டாம்" என்று இவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அவர்தான் அந்தப் பக்கமே பார்ப்பதில்லையே.

செப்டம்பர் 14

ஐயோ, என் செடி. அடிப்பக்கம் கறுத்து, விரல் வைத்தால் உள்ளே போகிறது. ஒரே அழுகல் நாற்றம். இவரைப் பிடி பிடியென்று பிடித்தேன். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

அப்புறம் அம்மா ஈரப்புடவையோடு வந்து நின்றார். "நான்தாண்டி விஜயம், தினமும் தண்ணி விட்டேன். துளசிக்கு ஒரு சொம்பு, அதுக்கு ஒரு சொம்பு. பக்கத்துல நிக்கறதை விட்டுட்டு ஒண்ணுக்கு மாத்திரம் விட்டா பந்தியிலே வஞ்சனை பண்ணாப்பல ஆகாதோ? நீ வரத்துக்குள்ளே வாடிடுத்துன்னா உன் மூஞ்சியை எப்படிப் பாக்கறதுன்னுதான்..."

யார் விடச் சொன்னது என்று வாய்வரை வந்துவிட்டது. முழுங்கிவிட்டேன். என் மூஞ்சியை நினைத்தா விட்டார்? நான் அழுதுகொண்டிருந்தேனா, சிரித்தேனா – எனக்கே தெரியவில்லை.

செப்டம்பர் 15

கத்தியால் துண்டு துண்டாக அறுத்துக்கொண்டே போனேன். உச்சியில் ஒரு சாண் மட்டும் உள்ளே சுத்தமாக இருந்தது. "வலிக்குமோடி அதுக்கு?" என்று அம்மா கேட்டார். வெட்டிய வாயில் அடுப்புச் சாம்பல் தடவிப் பரணில் வைத்தேன். காயம் உலர்ந்து தோல் கட்டினால்தான் நட முடியும்.

செப்டம்பர் 22

அம்மா ஏணி போட்டுப் பரணை எட்டிப் பார்க்கிறார். கையில் சொம்பு இல்லை. நல்லவேளை.

அக்டோபர் 19

தொட்டியில் நட்ட துண்டு வேர் விட்டுவிட்டது! லேசாக இழுத்தால் வர மாட்டேன் என்கிறார்.

கெடு வைத்த நவராத்திரியும் வந்தது. காலையில் பார்க்கிறேன், கொலுப்படி ஓரத்தில் பொம்மைகளோடு ஜோத்பூரார் நிற்கிறார், தொட்டிக்குக் கோலமெல்லாம் போட்டு. நான் வைக்கவில்லை. சாயங்காலம் கொலுவுக்கு வந்த லலிதாம்பாள் மாமி அதற்கும் மஞ்சள் ஜலம் தெளிக்கப் போனாள். அம்மா பாய்ந்தார். "அதுமேல ஒரு சொட்டு பட்டுதோ, உனக்குச் சுண்டல் கிடையாது!"

1937 செப்டம்பர் 2

தங்கை குழந்தையின் ஆண்டு நிறைவு முடிந்து நாகர்கோவிலிலிருந்து வந்தேன். பெட்டியைக்கூட வைக்காமல் கொல்லைக்கு ஓடினேன். ஓலைக்குடைக்கடியில் ஜோத்பூரார் கொழுகொழுவென்று நிற்கிறார், இரண்டு விரற்கடை கூடுதலாக.

அம்மா பின்னாலேயே வந்தார். "ஒரு சொட்டு விடலை, கேட்டியோ. துளசிக்கு விடறச்சேயெல்லாம் தாகமா இருக்குமே, பாவம்னு மனசு அடிச்சுண்டுது. பல்லைக் கடிச்சுண்டு இருந்தேன்."

மணலில் விரல் விட்டுப் பார்த்தேன். அடிவரை காய்ந்திருந்தது. சொம்பில் தண்ணீர் மொண்டு அம்மா கையில் கொடுத்தேன்.

"இன்னிக்கு விடலாம்மா. நீங்களே விடுங்கோ."

"நெஜமாவா?" என்றார். அரைச் சொம்புதான் விட்டார். மீதியைத் துளசிக்கு விட்டார்.