பார்லிக் கஞ்சி

அக்டோபர் 6
பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். கெண்டைக்கால் எரிகிறது, தொடைச்சதை முறுக்குகிறது. இப்படியே போனால் என் வகுப்பு இன்னொரு டீச்சர் மக்பூலாவுக்குப் போய்விடும். மாமியார் சிரிக்கிறார்: "டீச்சரம்மாவுக்குக் கால்லதான் வலி. வாய் நல்லாத்தான் இருக்கு."

அக்டோபர் 9
வலி.

அக்டோபர் 20
மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: இகிந்தி. தின்ற ஏதோ ஒன்று உடம்புக்கு ஆகாமல் உள்ளேயே தங்கிவிட்டதாம். உப்புதான் என்று உப்பை நிறுத்தினார். காலில் சூடு போடவைத்தார். வலி அப்படியே இருக்கிறது, சூட்டுப் புண் மட்டும் கூடுதல்.

நவம்பர் 14
ஸ்பெயின் டாக்டர்கள் எங்கள் அகதி முகாமுக்கு வந்து ரத்தம் பார்த்தார்கள். நர்ஸ் துஃப்ரா சொன்னாள்: "கோதுமை உங்களுக்கு ஆகாதுக்கா. கால்வலியும் அதனாலயா இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது, நிறுத்திப் பாருங்க."
எங்களுக்கு வரும் நிவாரண மாவே கோதுமைதான்! எனக்கு மட்டும் மாதம் ஒரு பை மக்காச்சோள மாவு. மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை: "இகிந்தின்னு நான் அப்பவே சொல்லல?"

டிசம்பர் 12
ரொட்டியைத் தொடவில்லை. கோதுமை ரவைக் குஸ்குஸ் தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறேன். கால் இன்னும் மோசம். மாமியார் தினமும் பார்லி வறுத்து, அரைத்து, கஞ்சி காய்ச்சித் தருகிறார். இகிந்திக்கு அதுதான் மருந்தாம். மிச்சத்தை மகள் சுயெல்மா வழித்துக் குடிக்கிறாள். நான் என்னதான் தப்பு செய்கிறேன்?

டிசம்பர் 19
கஞ்சி பற்றிப் பேச்சுவாக்கில் துஃப்ராவிடம் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ அக்கா, கோதுமையில உங்களுக்கு ஆகாதது எதுவோ, பார்லியிலயும் அதேதான் இருக்கு."
வீட்டில் சொன்னதும் மாமியார் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பாவமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது.

பிப்ரவரி 3
பள்ளிக்கூடம் வரை நடந்தேன். எங்குமே உட்காரவில்லை. வகுப்பில் பிள்ளைகள் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

பிப்ரவரி 25
சுயெல்மா காலைப் பிடித்துவிடச் சொன்னாள். "எரியுதும்மா." எங்கே என்று கேட்டேன். கெண்டைக்காலைக் காட்டினாள். ஏழு வயசு.

பிப்ரவரி 27
டாக்டர்கள் இனி அடுத்த நவம்பரில்தான். ரத்தம் பார்க்காமல் மாவு கிடையாது. துஃப்ரா என்ன செய்வாள்? அரிசியும் இரண்டு மாதமாக வரவில்லை. வீட்டில் இருப்பது என் மக்காச்சோளப் பை ஒன்றுதான்.
"ரெண்டு பேரும் பங்கு போட்டுக்குங்களேன்" என்றார் மாமியார்.
"ஒருத்திக்கே பத்தல, அத்தை."

ஏப்ரல் 8
காலையில் சுயெல்மாவுக்கு மக்காச்சோள ரொட்டி, எனக்கு வழக்கம்போல் கோதுமை ரொட்டி. மாமியார் தேநீரை ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். பாதி வழியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வகுப்பை எடுத்துக்கொள்ளும்படி மக்பூலாவுக்குச் சொல்லியனுப்பினேன். சொல்லப் போனவள் சுயெல்மா. ஓடியே போனாள்.