செல்விக்கு ஒரு ஊத்தப்பம்

மே 27, செவ்வாய்

கத்திரி நாளையோட முடியுதாம். வெயிலுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியுமா என்ன. காலையிலிருந்து புழுதிக்காத்து. ஹாலை ரெண்டு தடவை துடைச்சாச்சு, டேபிளில் விரல் வச்சா இன்னும் கரிசல் ஒட்டுது.

வாங்க வேண்டியது: சோப்பு, ரூமுக்கு பல்பு. இஸ்திரிக்குக் கொடுத்த சட்டை.

புதுசா வந்திருக்கிற டீ மாஸ்டர் கேட்டான். "அண்ணே, ஆறு டேபிளு. ஒரு சீட்டுல கூட எழுத மாட்டேங்கீய. எப்படிண்ணே நாபகம் இருக்கு?" பழக்கம்தான்னு சொல்லி வச்சேன். எல்லார்கிட்டயும் அதையேதான் சொல்றது. உண்மையைச் சொன்னா சிரிப்பான்.

இங்கே எழுதலாம், யார் பார்க்கப் போறா. எனக்கு வர்றவங்க முகம் நிக்காது. அதனால நாற்காலிக்கு ஒருத்தரா எங்க வீட்டு ஆட்களை உட்கார வச்சிருக்கேன். முதல் டேபிள் ஜன்னல் ஓரம் அப்பா. எதிரில் அம்மா. பக்கத்தில் பெரியப்பா, அத்தை. கை கழுவுற இடத்தை ஒட்டின நாற்காலி தங்கச்சி செல்வி, அவளுக்கு எதிரில் சித்தி. இப்படியே ஆறு டேபிளும். வர்றவன் லாரி டிரைவரோ பேங்க் மேனேஜரோ, அந்த நாற்காலியில் உட்கார்ந்துட்டா எனக்கு அவன் செல்வி. செல்விக்குப் பூரி, கிழங்கு கூட. அம்மாவுக்கு இட்லி, சாம்பார் தனியா. அப்பா இன்னைக்கு நெய் ரோஸ்ட் ரெண்டு சாப்பிட்டார். உசிரோட இருந்தப்போ ஒரு நாளும் கேட்டதில்லை மனுசன்.

அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாச்சு. செல்வி விளாத்திகுளத்தில், பேச்சு இல்லை. ரூமுக்கு வந்தா நானும் ஃபேனும். குடும்பமா இருக்கிறதெல்லாம் டூட்டி நேரத்துலதான்.

பல்பு வாங்க மறந்துட்டேன். வாசல் லைட் வெளிச்சத்தில் எழுதறேன்.

மே 28, புதன்

கத்திரி முடிஞ்சது. அதே வெயில்.

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைஞ்ச பிறகு, விளாத்திகுளம் பஸ்ஸில் இறங்கி வந்த வத்தல் வியாபாரிங்க ரெண்டு பேர். ஒருத்தர் செல்வி நாற்காலி, இன்னொருத்தர் சித்தி. செல்விக்குத் தயிர்சாதம், சித்திக்கு எலுமிச்சை, மோர் ரெண்டு.

"ஞாயித்துக்கிழம உரக்கடைக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போவணும்வே. கெடா வெட்டுதாவ."

"புள்ள பேரு என்ன?"

"யாழினின்னு வச்சிருக்காவ. மொட்டையும் அன்னைக்குத்தான்."

"மடியில வைக்க தாய்மாமன் வேணும்லா? அந்தப் பொம்பளைக்கு அண்ணன் ஒருத்தன் இருக்காம்னாவ."

"கோயில்பட்டில எங்கனயோ இருக்கானாம். போக்குவரத்து கெடையாது. பெரியப்பா மவன் மடியில வைக்கப் போறாவன்னு கேள்வி."

நான் மோர் ஊத்திக்கிட்டிருந்தேன். ஒரு சொட்டு சிந்தல. "ஊறுகா வைக்கட்டா அண்ணாச்சி?"ன்னு கேட்டேன். வச்சேன். பில்லைக் கல்லாவில் சொன்னேன், சரியாத்தான் சொன்னேன்.

உரக்கடைக்காரர்னா செல்வி வீட்டுக்காரர்.

பாப்பா பேர் யாழினி. என் தங்கச்சி பெத்த பிள்ளை பேரை வத்தல் வியாபாரி வாயால கேட்டுத் தெரிஞ்சிக்கிறேன். நல்லா இருக்கு.

மே 29, வியாழன்

தூக்கம் சரியில்லை. பல்பு மாட்டியாச்சு.

மாப்பிள்ளை புது வீட்டுப் பால்காய்ப்பு ஞாபகம் வந்துக்கிட்டே இருக்கு. உரக் கம்பெனி ஆட்கள் நாலஞ்சு பேரு உட்கார்ந்திருக்காங்க. என்னைக் காட்டி, "மச்சான் கோயில்பட்டில ஹோட்டல் வச்சிருக்காரு"ங்கிறார். "வைக்கல, சப்ளையரா இருக்கேன்"னேன். வேற என்ன சொல்ல? அவர் முகம் செத்துப்போச்சு. உள்ளே போய், நாலு பேருக்கு முன்னால மானத்தை வாங்கிட்டான்னு கத்தினார். செல்வி அப்போ மாசமா இருந்தா. எனக்காக ஒரு வார்த்தை பேசல. சுவரைப் பார்த்து நின்னா. சாப்பிடாம பஸ் ஏறினேன்.

அந்தக் கோபத்தில் செல்வியை நாற்காலியிலிருந்து எடுத்துட்டு, எங்க வாட்ச்மேன் தாத்தாவை உட்கார வச்சுப் பார்த்தேன். அன்னைக்கே வெங்காயம் சேர்க்காத ஒரு அம்மாவுக்கு வெங்காய ரவா போச்சு. ரெண்டு காபி ரெண்டு டேபிள் மாறிப் போச்சு. முதலாளி ஒரு மாதிரி பார்த்தார். வேற வழியில்லாம மறுநாளே அவளைத் திரும்பக் கூட்டிட்டு வந்தேன். பேச்சு இல்லாட்டியும் அவ அங்கேயேதான் இருக்கா. தினமும் விளம்பிக்கிட்டுதான் இருக்கேன்.

போன் வரல.

மே 30, வெள்ளி

மானம் போச்சு.

காலை டிபன் நேரம், நிக்க இடம் இல்லை. திருச்செந்தூர் போற வேன் ரெண்டு வேற. அடுக்களை ஜன்னலில் தலையை விட்டு ஆர்டர் சொல்றேன். ரெண்டு பொங்கல், ஒரு நெய் ரோஸ்ட், வடை மூணு. அப்புறம் சத்தமா, "செல்விக்கு ஒரு ஊத்தப்பம், வெங்காயம் போடாம!"

கரண்டிச் சத்தம் நின்னு போச்சு. சரக்கு மாஸ்டர் தருமர் அண்ணன் திரும்பிப் பார்க்கிறார்.

"ஏலே மாரி, செல்வி யாருலே?"

செல்வி நாற்காலியில் இருந்தது மீசை வச்ச ஒரு போலீஸ்காரர்.

அவ்வளவுதான். நாள் முழுக்க அதே. டீ மாஸ்டர், "அண்ணே, செல்விக்கு டீயா காபியா?"ங்கிறான். இலை எடுக்கிற அக்கா, "எங்களுக்கெல்லாம் சொல்லாம முடிச்சிட்டியாக்கும்"ங்கிறா. முதலாளி கூட கல்லாவில் சிரிப்பை அடக்கினார். நானும் சிரிச்சேன். வாய் வலிக்கச் சிரிச்சேன்.

சாயங்காலம் பின்வாசலில் தருமர் அண்ணன் பீடி பத்த வச்சிக்கிட்டு, "நெசமாவே ஆளு இருக்கா? இருந்தா சொல்லு, பேசி முடிச்சிருவோம்"னார். நல்ல மனசோடதான் கேட்டார். அதனால சொல்லிட்டேன். நாற்காலி, செல்வி, காதுகுத்து, எல்லாம். சிரிக்கல அவர்.

"நீயே ஒரு போனப் போடு. கொறஞ்சா போயிருவ?"

"தாய்மாமன அவியதான்ணே அழைக்கணும். தாம்பாளத்தோட வந்து அழைக்கணும். நானா போயி மடிய விரிக்கவா?"

"அப்ப உக்காந்து மொறையப் பேசிட்டு இரு."

பீடியைத் தேய்ச்சிட்டு உள்ளே போயிட்டார். கோபம் வந்தது அவர் மேல. சரியாச் சொன்னதாலதான் வந்தது.

மே 31, சனி

போன் சார்ஜ் போட்டேன். ரிங் சத்தம் கூட்டி வச்சேன். ரெண்டு கால். ஒண்ணு லோன் வேணுமாங்கிற பொண்ணு. இன்னொண்ணு ராங் நம்பர், அவங்ககிட்டயும் கொஞ்ச நேரம் பேசினேன்.

முதலாளிகிட்ட நாளைக்கு லீவு கேட்டேன். எதுக்குக் கேட்டேன்னு எனக்கே தெரியல.

"என்னலே விசேசம்?"

"தங்கச்சி மவளுக்குக் காதுகுத்து அண்ணாச்சி."

"அடேயப்பா, தாய்மாமன்லா நீ! ஞாயித்துக்கிழமன்னு பாக்காத, போயிட்டு வா. வேட்டி கட்டிட்டுப் போ, பேன்ட போட்டுட்டு நிக்காத."

அவருக்கு அவ்வளவு சந்தோசம். முகம் கொடுக்க முடியல எனக்கு.

டூட்டி முடிஞ்சு மெயின் ரோட்டில் ஜவுளிக்கடை. பட்டுப்பாவாடை காட்டச் சொன்னேன். கடைப் பொண்ணு, "எத்தன வயசுண்ணே?" ஒண்ணே கால் இருக்கும்னேன். "ஒல்லியா, பூசுனாப்லயா?" தெரியல. "கலரு செவப்பா, மாநெறமா? அதுக்குத் தக்கன எடுத்துத் தாரேன்." அதுவும் தெரியல. பொண்ணு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தா. கொஞ்சம் பெரிய சைஸாவே எடுத்துக் கொடுத்தா. அரக்கு, பச்சைக் கரை.

யார் யார் எந்த நாற்காலியில் என்ன சாப்பிட்டாங்கன்னு கேளுங்க, சொல்றேன். இது தெரியல.

ஜூன் 1, ஞாயிறு

வேட்டி கட்டினேன். கண்ணாடியில் பார்த்தா ஆள் பரவாயில்லை.

பஸ் ஸ்டாண்டில் விளாத்திகுளம் வண்டி நின்னுக்கிட்டிருந்தது. ஏறினேன். பை மடியில். அழைக்காம வந்துட்டான்னு நாலு பேர் சொன்னா சொல்லட்டும், ஓரமா நின்னு பிள்ளையைப் பார்த்துட்டு, பையைக் கொடுத்துட்டு வந்துடலாம். அவ்வளவுதான் திட்டம். வழி நெடுக உழுது போட்ட வெறுங்காடு. காத்து மூஞ்சியில அடிக்குது. ஜன்னலை மூடவும் இல்லை.

பாதி வழியில, எட்டயபுரத்தில் இறங்கிட்டேன்.

இறங்கணும்னு நினைக்கல. பக்கத்து சீட்டுக்காரர், "காதுகுத்துக்கா? நானும் அங்கனதான். நீங்க பொண்ணு வீடா, மாப்ள வீடா?"ன்னு கேட்டார். பொண்ணு வீடுன்னேன். "பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?"னார். வண்டி நின்னது, இறங்கிட்டேன். பதில் சொல்லாம இறங்கினது அவருக்குச் சங்கடமா இருந்திருக்கும்.

ஒரு டீ குடிச்சேன். எதிர்த்த வண்டியில் திரும்பிட்டேன்.

பகல் முழுக்க ரூமில். பக்கத்து வீட்டு டிவி சத்தம். இந்நேரம் மொட்டை போட்டிருப்பாங்க. இந்நேரம் மடியில் வச்சிருப்பாங்க. பிள்ளை அழுதிருக்கும். அழுதா அந்தப் பெரியப்பா மகனுக்குச் சமாதானப்படுத்தத் தெரியுமா? எனக்கு மட்டும் தெரியுமாக்கும்.

ஹோட்டலுக்காவது போயிருக்கலாம். லீவு போட்டுட்டு எந்த மூஞ்சியோட போக. ராத்திரிக்கு பிரட்.

எனக்கு யாரும் இல்லைன்னு இதுவரைக்கும் எழுதினதில்லை. இன்னைக்கு எழுதறேன். யாரும் இல்லை.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறக்கிற நாள். புது யூனிபார்ம், புதுப் பை, ஹால் முழுக்க பிள்ளைங்க. பூரி மாவு காலையிலேயே காலி.

முதலாளி, "காதுகுத்து நல்லபடியா முடிஞ்சுதா?" நல்லபடியா முடிஞ்சுது அண்ணாச்சி. தருமர் அண்ணன் ஒண்ணும் கேட்கல. எனக்கு மட்டும் காபியைக் கொஞ்சம் திக்கா போட்டு ஜன்னலில் வச்சார்.

கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது கதவுப் பக்கம் ஒரு பொம்பளை பிள்ளையோட நிக்கிறா. இடம் தேடுறான்னு நினைச்சு, "உள்ள வாங்கம்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த டேபிளுக்குப் போயிட்டேன். ரெண்டு டேபிள் தாண்டித்தான் உறைச்சது. செல்வி நாற்காலியில் ஒரு வாத்தியார் தோசை சாப்பிட்டுக்கிட்டிருக்கார். நிஜச் செல்வி கதவுகிட்ட நிக்கிறா. இளைச்சுப் போயிருக்கா.

அப்பா நாற்காலி காலியாச்சு. உட்கார்ந்தா.

கிட்டே போனேன். வாயில் வந்தது, "என்ன சாப்பிடுதீங்க?"

"ஒண்ணும் வேண்டாம். நேத்து எங்கன போன?"

"கூப்பிடல."

"கூப்பிடாட்டா? எங்கூர்ச் சனம் பூரா இங்கனதான திங்குது. ஒனக்குச் சேதி வராமயா இருந்திருக்கும்? அவரு கூப்பிடக் கூடாதுன்னாரு. நீயா வருவேன்னு நான் இருந்தேன். காது குத்த வந்த ஆசாரிய மத்தியானம் வரைக்கும் உக்கார வச்சேன். ஒவ்வொரு பஸ்ஸா பாத்தேன். அவிய ஆளுக எல்லாம் என்னிய மொறைக்காவ. எனக்குன்னு ஒருத்தரு உண்டாண்ணே அங்கன?"

எட்டயபுரம் வரைக்கும் வந்தேன்னு சொல்ல வாய் வரல.

"அப்புறம்?"ன்னேன்.

கண்ணைத் துடைச்சிட்டு வெளியே பார்த்தா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை, பைக்கில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. உள்ளே வரல. ஆனா வண்டியை ஆஃப் பண்ணி ஸ்டாண்டு போட்டிருந்தார்.

"கை வலிக்கு, இவளப் புடி"ன்னா.

சப்ளையர் ஹாலில் உட்காரக் கூடாது. எதிரில் அப்பத்தான் காலியான அம்மா நாற்காலியில் உட்கார்ந்தேன். பாப்பாவை மடியில் வாங்கினேன். மாநிறம், பூசினாப்ல. மொட்டைத் தலையில் சந்தனம் காஞ்சு வெடிச்சிருந்தது. என் சட்டைப் பட்டனைப் பிடிச்சு இழுத்தா. முகத்தை இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தேன், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

ரெண்டு காதும் வெறுங்காது.

"மாரி, ஏலே மாரி, அஞ்சுல சட்னி"ன்னு முதலாளி கல்லாவிலிருந்து கூப்பிட்டார். எந்திரிக்கல.