கயிற்றின் நிறம்: இடது

லிஃப்ட் பழுது பார்க்க வந்தவர் என் வாசலில் கிரீஸ் துணியை மறந்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த வாசனையில் பெங்களூரு கரைந்துபோய், தங்கச் சுரங்கத்தின் சாமான் கிடங்கான மைசூர் மைன்ஸ் ஸ்டோர்ஸுக்குள் நிற்கிறேன். தகரக் கூரையின் ஓட்டைகளில் வெயில் இறங்குகிறது. நான் டைப்பிஸ்ட், நீங்கள் கிளார்க். நமக்குக் கல்யாணமான புதிது.

ஒவ்வொரு சாமானுக்கும் அச்சடித்த ஒரு கார்டு. நீளம், தடிமன், எடை, நிறம். அவ்வளவுதான் கட்டங்கள். சாமான்களோ புதுப்புதுக் குணங்களோடு வந்துகொண்டே இருந்தன. உங்களுக்கு முன்னால் இருந்த புண்ணியவான், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டான கேஜின் இரும்புக் கயிறு எந்தப் பக்கம் முறுக்கியது என்று எழுத இடமில்லாமல், ‘நிறம்’ கட்டத்தில் ‘இடது’ என்று எழுதி வைத்திருந்தார். நான் சிரித்தேன். உங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் கார்டில் பெயரும் எண்ணும் மட்டும் வைத்தீர்கள். மற்ற ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு காகிதத் துண்டு: குணத்தின் பெயர், பக்கத்தில் அதன் விவரம். எல்லாம் நூலில் கோத்துக் கார்டின் மூலையில் தொங்கும். புதுக்குணம் வந்தால் இன்னொரு துண்டு.

“இது கார்டா, பூச்சரமா?” என்றார் ஸ்டோர் கீப்பர். இடது முறுக்குக் கயிறுகள் எத்தனை என்று கேட்டால் சரம் சரமாகப் புரட்ட வேண்டும். அந்த வேலை மட்டும் எனக்கு. நல்ல பிடிவாதக்காரர் நீங்கள்.

ஒரு நாள் ஃபிட்டர் கயிறு வாங்க வந்தார். சுரங்கத்தில் வேலை பார்த்த என் அண்ணன் தினமும் இறங்கும் ஷாஃப்ட் குழிக்கு. நீங்கள் துண்டுகளைப் புரட்டிவிட்டு, “இது வேணாங்க. முறுக்கு வேற,” என்றீர்கள்.

“இன்னா சார், தடிமன், நீளம் எல்லாம் ஒண்ணுதானே?”

“டிரம்ல சுத்தச்சொல்ல பிரிஞ்சிடும். கேஜ்ல ஆளுங்க இருப்பாங்க.”

என் விரல்கள் டைப்ரைட்டரில் அப்படியே நின்றுவிட்டன. சரியான கயிறு வரும்வரை நீங்கள் வாசலை விட்டு நகரவில்லை.

மறுநாள் அண்ணன் இறங்கினார், ஏறினார், நம் வீட்டுக்கு வந்து குழம்பில் உப்பில்லை என்றார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டீர்கள். நடக்காமல் போன ஒன்றை எழுத எந்தக் கார்டிலும் இடமில்லை. என்னையும் சொல்ல விடவில்லை.

நம் மகள் கம்ப்யூட்டரில் இதையேதான் செய்கிறாள். மாறும் குணங்களுக்குத் தனி அட்டவணையாம், ‘டேபிள்’ என்கிறாள். உங்கள் சரத்தைப் பற்றிச் சொன்னேன். உடனே அந்த டேபிளுக்கு ‘சரம்’ என்று பெயர் வைத்தாள்.

போன வாரம் அண்ணன் வந்திருந்தார். முழங்கால் வலி, மருமகள், பக்கத்து வீட்டு நாய் என்று பொழுது சாயும்வரை புலம்பினார். எனக்குச் சலிக்கவே இல்லை. அந்தப் புலம்பல் முழுவதும் நீங்கள் எனக்குக் கொடுத்தது.