நெடுந்தீவில் லைற் வந்த பின்னேரம்

நெடுந்தீவு,
12.7.1974

அன்புள்ள சறோவுக்கு,

நான் சுகம். நீரும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாயிருக்க அம்மனை வேண்டுகிறேன். மாமியின் கால் வீக்கம் வற்றிவிட்டதா?

நேற்றுப் பின்னேரம் ஆஸ்பத்திரி ஜெனரேற்றர் ஸ்ராட் ஆகவில்லை. பொத்தானை அமத்தினால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டுமே வந்தது. உள்ளே ஒருத்திக்குப் பிரசவ வலி. இருட்டிக்கொண்டும் வந்தது.

“அண்ணை, லைற் வருமோ?” என்று மருத்துவிச்சி கத்தினா.

“பொறுங்கோ தங்கச்சி, வரும்” என்றேன். எனக்கே நம்பிக்கை இருக்கவில்லை.

பற்றரியில் ஒரு பல்பைத் தொடுத்துவிட்டு மீண்டும் அமத்தினேன். பல்ப் மங்கவில்லை. அப்படியென்றால் பற்றரி நல்லது, பிழை வயரில். எஞ்சினோடு பூட்டிய எர்த் வயரின் முனை உப்புக்காற்றில் கறள் பிடித்திருந்தது. சுரண்டி இறுக்கியதும் எஞ்சின் பிடித்தது. அவசரத்தில் இறுக்கிய ஸ்பனர் பற்றரி முனையில் தட்டுப்பட்டுப் பொறி பறந்து, விரல் கொஞ்சம் சுட்டுவிட்டது. பயப்படாதேயும்.

பெண்பிள்ளையாம். அழுகைச் சத்தம் கேட்டு எல்லோரும் சிரித்தார்களாம். எஞ்சின் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை.

இந்த எஞ்சினைத் தனியாளாய்ப் பார்த்துப் பார்த்து உடம்பு அலுத்துவிட்டது. எஞ்சின் துடைக்கப் பழைய வேட்டித் துணியும் ரேடியோவுக்குப் பற்றரியும் அனுப்பும். வேலை முடிந்து வந்தால் யாருடைய குரலாவது கேட்கலாம்.

தபால் கொண்டுபோகும் லோஞ்ச் படகு புறப்படப்போகிறது, கூப்பிடுகிறார்கள். வலி கண்டால் உடனே தந்தி அடிக்கச் சொல்லும். லீவு தராவிட்டாலும் வருவேன்.

உமது,
தியாகலிங்கம்