பூட் மூடியில் இருந்த பெயர்

ஜூன் 1, ஞாயிறு

பாலிஷ் மிஷினை இன்று முதல்முறை ஓடவிட்டேன். முகமெல்லாம் வெள்ளை. பஞ்சுத் தட்டைக் காரின் மேல் வைப்பதற்கு முன்னாலேயே சுவிட்சைப் போட்டுவிட்டேன். கிரீம் சுவரில், செருப்பில், காயப்போட்டிருந்த என் வேலைச் சட்டையில் எல்லாம் தெறித்தது. பிரமிளா வாசலில் நின்று பார்த்தாள். "காருக்குப் போடச் சொன்னா நீங்க பவுடர் பூசிக்கிட்டு நிக்கிறீங்க லா." பல நாள் கழித்துச் சிரிக்கிறாள் என்பதால் வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டேன்.

கார் பதினேழு வருஷத்துப் பழைய சிவப்பு சாகா. வெயில் பட்டு வெளுத்த சிவப்பு. பிரமிளாவை மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடியாது, அதற்காக வாங்கினேன். ஐந்தாம் மாதம் தொடங்கியிருக்கிறது. இதற்கு மேல் அதைப்பற்றி எழுதமாட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

எழுதமாட்டேன் என்று எழுதிவிட்டுத் தூக்கம் இல்லை. முதல் தடவை நாலாம் மாதத்தில் போனது. அடுத்தது ஆறாம் மாதம். இரண்டு தடவையும் நான் முந்திக்கொண்டு சட்டை வாங்கினேன், பெயர் யோசித்தேன், வேலை செய்யும் இடத்தில் எல்லாரிடமும் சொன்னேன். இந்த முறை வீட்டில் அந்தப் பேச்சே கூடாது, வளைகாப்பும் கிடையாது என்று சொல்லிவிட்டேன். பிரமிளா சரி என்றாள். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

காரின் முன்மூடி முடிந்தது. வீடியோவில் வரும் பையன் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்கிறான்: சின்னச் சின்னச் சதுரமாகப் பிரித்துக்கொள், மிஷினின் எடையே போதும், அழுத்தாதே, விளிம்பில் ஜாக்கிரதை. அழுத்தாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டம். பத்து மணிக்கு மேல் ஈப்போவின் இந்தப் புந்தோங் வெயிலில் தகரம் கொதிக்கிறது, கிரீம் காய்ந்து அப்பிக்கொள்கிறது. விடியற்காலையிலேயே தொடங்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சத்தத்துக்கு முறைப்பார். முறைக்கட்டும்.

துடைத்தபோது உள்ளிருந்து வேறு ஒரு சிவப்பு வந்தது. கொடியில் தொங்கும் துணி, கூரை, என் முகம், எல்லாம் அதில் தெரிந்தன. மிஷின் ஓடுகிற நேரத்தில் மட்டும் எனக்கு எந்த நினைப்பும் வருவதில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இன்று உள்ளே தூசி உறிஞ்சினேன். பின்சீட்டுக் கதவின் உள்பக்கம், கைப்பிடிக்குக் கீழே, ஒட்டுப்பொட்டுகள். வரிசையாக ஒட்டியிருக்கின்றன. பெரியவர்கள் யாரும் அங்கே ஒட்டமாட்டார்கள். சின்னக் கை எட்டுகிற உயரம்.

பிறகு காரின் பின்பக்கம், பூட் மூடிக்கு வந்தேன். அதில் நேர்நேராகக் கீறல்கள். துணி தேய்த்து வரும் கீறல் வட்டமாக இருக்கும், இவை கத்திக் கீறல்கள். மிஷினைப் போட்டு, துடைத்து, வெளிச்சத்துக்காகக் குனிந்து பார்த்தேன். கீறலுக்கு அடியில் எழுத்து. தர்சிகா. நல்ல பெரிய எழுத்தில். எப்போதோ ஒட்டிய ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். ஆனால் அத்தனை வருஷ வெயில் ஸ்டிக்கருக்கு அடியில் படவில்லை, அங்கே மட்டும் சிவப்பு வெளுக்காமல் இருக்கிறது.

பெற்ற பிள்ளையின் பெயரைக் காரில் ஒட்டுகிறவன் எப்போது அதைக் கத்தியால் சுரண்டுவான்? எனக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றுகிறது.

ஜூன் 16, திங்கள்

காலையில் பனி. கார் முழுக்க நனைந்திருந்தது. அந்த எழுத்துகள் மட்டும் தனியாகத் தெரிந்தன. கைத்துண்டால் துடைத்துவிட்டு வேலைக்கு ஓடினேன்.

ஜூன் 22, ஞாயிறு

அழிக்கப் பார்த்தேன். முரட்டுப் பஞ்சைப் போட்டு, முரட்டுக் கிரீமைப் போட்டு, கை வலிக்க அழுத்தினேன். விளிம்பில் சாயம் எரிந்து அடிப்பூச்சு வெளியே வந்துவிட்டது, கட்டைவிரல் அகலத்துக்கு. மடையன். அந்த வீடியோப் பையன் தொண்டை கிழியச் சொன்னானே!

பெயர் போகவில்லை. சுற்றிலும் பளபளப்பு கூடக் கூட அது இன்னும் எடுப்பாகத் தெரிகிறது. காரைத் திருப்பி, பின்பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்திவிட்டேன். பிரமிளா கண்ணில் இது படக்கூடாது. இந்த நேரத்தில் செத்த குழந்தையின் பெயரை அவள் படிக்கக்கூடாது.

ஜூன் 24, செவ்வாய்

கார் விற்றுக் கொடுத்த மகேந்திரனைக் கூப்பிட்டேன். "ஒரே ஓனர் மச்சான். பாரிட் புந்தார்ல கார்த்திகேசுன்னு ஒரு பெரியவரு. தண்ணி இலாகாவுல வேல பார்த்து பென்ஷன் வாங்குனவரு. ஏன், எஞ்சின்ல ஏதும் பிரச்சனையா?" பிள்ளைகள் உண்டா என்று கேட்டேன். "நானும் கேட்டேன் லா. வண்டிய ஏன் விக்கிறீங்க, புள்ளைங்களுக்குக் குடுக்கலாமேன்னு. எனக்குப் புள்ளைங்களே இல்லன்னு சொல்லிட்டாரு."

அப்படியென்றால் பொட்டு ஒட்டியது யார்?

ஜூன் 28, சனி

பிரமிளாவுக்கு இன்று பரிசோதனை. எஞ்சினில் கோளாறு என்று பொய் சொல்லி வாடகைக் கார் பிடித்தேன். அந்தப் பின்சீட்டில் அவளை உட்கார வைக்க என்னால் முடியவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். போன தடவையும் இப்படித்தான் சொன்னார்கள்.

ஜூலை 6, ஞாயிறு

பாரிட் புந்தார் போய்வந்தேன். பிரமிளாவிடம் டயர் மாற்றப் போகிறேன் என்றேன். வழியெல்லாம் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஒன்றும் இல்லைதான். ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வயலை ஒட்டிய வீடு. கார்த்திகேசு மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் எல்லாம் போட்டிருந்தார். கார் வாங்கியவன் என்றதும் "வாங்கோ" என்று சிலோன்காரர் பேச்சில் உட்காரச் சொன்னார். அவர் மனைவி விமலாதேவி தேத்தண்ணி கொண்டுவந்தார். சுற்றிவளைக்க எனக்கு வராது. கேட்டுவிட்டேன்.

"ஐயா, தர்சிகாங்கிற புள்ள எப்படி இறந்துச்சு? அந்தக் காருலயா?"

அந்த அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டார். பெரியவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"செத்துப்போச்சு" என்றார். "அவ்வளவுதான்." எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் காருக்கு வந்தேன். அந்த அம்மா செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே வந்தார்.

"சாகேல்லைத் தம்பி. உங்கட ஈப்போவிலதான், மெங்லெம்புவில இருக்கிறாள். தோட்டத்துப் பெடியன் ஒருத்தனைக் கட்டிக்கொண்டு போயிட்டாள். மூண்டு வருசம். எங்கட ஆக்கள் இல்லையெண்டு இவருக்குக் கோபம். ஒரு மத்தியானம் முழுக்க அதில நிண்டு கத்தியால சுரண்டினவர். கை வெட்டி ரத்தம் வர வரச் சுரண்டினவர்."

நானும் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைதான். லயத்தில், தோட்டக் கூலிகளின் வரிசை வீட்டில் பிறந்தவன். அதை அங்கே சொல்லவில்லை. அவர் தேத்தண்ணியைக் குடித்திருக்கிறேனே.

அந்த அம்மா காரின் பின்னால் போய் நின்றார். வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. "இன்னும் தெரியுதே" என்றார். கைப்பேசியில் ஒரு படம் எடுத்தார். "பிள்ளைக்கு அனுப்பப் போறன். உன்ர பேர் போகேல்லையெண்டு சொல்லப் போறன்." என்னுடைய நம்பரையும் முகவரியையும் வாங்கிக்கொண்டார்.

சன்னல் திரை அசைந்ததைப் பார்த்தேன்.

ஜூலை 7, திங்கள்

ராத்திரியே பிரமிளாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"அந்தப் பேரு இருக்கிறது எனக்கு முன்னாடியே தெரியும். நீங்க மிஷின் வாங்குறதுக்கு முன்னாடி, காயப்போட்ட துணிய எடுக்கப் போனப்ப சாயங்கால வெயில்ல பார்த்தேன்."

"பயமா இல்லையா?"

"இருந்துச்சு. சொன்னா நீங்க காரையே வித்துருவீங்க. நீங்களே ராத்திரியில எந்திரிச்சு எந்திரிச்சு உட்கார்ந்துக்கிட்டு இருக்கீங்க."

நான் அந்தப் பெரியவரைத் திட்டினேன். உயிரோடு இருக்கிற பிள்ளையைச் செத்துப்போச்சு என்று எந்த வாயால் சொல்கிறார், மனுஷனா அவர் என்றேன். பிரமிளா கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்:

"நீங்களும் அதான் செய்யிறீங்க. இது உள்ள இருந்து உதைக்குது. மூணு வாரமா உதைக்குது. உங்ககிட்டச் சொல்ல முடியல. நான் மட்டும் தனியா சந்தோஷப்பட்டுக்கிட்டு இருக்கேன்."

மூணு வாரம். எனக்குத் தெரியாது. எனக்கு என்ன எழுதுவதென்றே தெரியல. இவ்வளவு நாளா அவ தனியா... ச்சே.

ஜூலை 8, செவ்வாய்

கை வைத்துப் பார்த்தேன். உதைத்தது.

ஜூலை 20, ஞாயிறு

தர்சிகா வந்தாள். அவள் அம்மா முகவரி கொடுத்திருக்கிறார். புருஷன் மோட்டாரில் கொண்டுவந்து விட்டான், உள்ளே வரக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றான். அவள் இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை.

பெயரைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றாள். "கார் எடுத்த அன்னிக்கு அப்பாதான் ஒட்டினார். எனக்கு ஏழு வயசு" என்றாள். குழந்தை பூட் மூடியைப் பட்பட்டென்று அடித்தது. அதன் கையைப் பிடித்து எழுத்தின் மேல் வைத்தாள். பிறகு அங்கேயே அழுதாள். பிரமிளா அவளை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துச் சோறு போட்டாள். புருஷனையும் இழுத்து வந்து உட்கார வைத்தேன். அவன் பிறந்தது எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். இப்போது இரண்டிலும் ரப்பர் போய்ச் செம்பனை.

இவ்வளவு நாள் ஒரு செத்த பிள்ளையை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். அவள் என் வீட்டில் ரசம் ஊற்றிச் சாப்பிடுகிறாள். ஆனாலும் காரில் ஏறினால் பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் போகவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

ஆடி முடிந்ததும் வளைகாப்பு. ஆகஸ்ட் 24. நானே கோயிலுக்குப் போய் நாள் கேட்டு வந்தேன். பயந்துகொண்டேதான் கேட்டேன். பிரமிளா ஊரையே கூப்பிடுவாள் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மத்தியானம் வாசலில் கார்த்திகேசு. அதே வெள்ளைச் சட்டை, எல்லாப் பொத்தானும் போட்டு. பஸ்ஸில் வந்திருக்கிறார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. நேராகக் காரின் பின்னால் போய் நின்றார். விளிம்பில் நான் எரித்த இடத்தைத் தடவினார்.

"இது நானோ?"

"இல்லங்கய்யா, நான். அழிக்கப் பார்த்தேன்."

தலையாட்டினார். அப்புறம் கேட்டார், "மெங்லெம்புவில வீடு தெரியுமோ?"

கூட்டிப்போனேன். முன்னால் உட்காரச் சொன்னேன், கேட்காமல் பின்சீட்டில் ஏறினார். எதிர்ப்பக்கம் மரத்தடியில் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் தர்சிகா குழந்தையோடு துணி எடுக்க வெளியே வந்தாள். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பின்சீட்டில் ஆவி ஒன்று இருக்கும் என்று நான் பயந்ததெல்லாம் சரிதான் போல. மகள் கூப்பிடு தூரத்தில் நிற்கிறாள், இவர் இறங்க முடியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இறங்கலியா ஐயா?"

"போவம்" என்றார்.

பஸ் நிலையத்துக்கு ஓட்டினேன். "மெலிஞ்சு போனாள்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார், அதுவும் என்னிடம் இல்லை. அவர் மேல் எனக்கு ஆத்திரமாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது. பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அவர் படியில் கால் வைத்தார். அப்போதுதான் என் வாயில் வந்தது. இந்தத் தடவை இந்த வார்த்தையை வெளியாள் யாரிடமும் நான் சொன்னதில்லை.

"ஐயா, எங்களுக்குக் குழந்தை பொறக்கப் போகுது. இருபத்து நாலாந்தேதி பிரமிளாவுக்கு வளைகாப்பு. நீங்களும் அம்மாவும் வாங்க. தர்சிகாவும் வருது. பிரமிளா கூப்பிட்டிருக்கு."

டிரைவர் ஹார்ன் அடித்தான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் கம்பியைப் பிடித்தபடி படியிலேயே நின்றார்.

"எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.