மழையில்லாத ஊரில் ஆறு

மார்ச் 2
கோதாரி விழுந்த ஊர். பிளின்ட் ஹில் என்று பெயர். உயரமான பாலைவன மேடு. பகலில் வேகும், இரவில் கம்பளி வேண்டும். ஒரு கிளினிக், ஒரு கடை, கொஞ்ச வீடுகள். கிழக்கே சிவப்புக் கல்வெளி, மேற்கே தண்ணீரில்லாத உப்பு ஏரி, வடக்கே தூரத்தில் நீலமாய் மலை. மனைவி நிரூபா இங்கே நேர்ஸ். கணக்காளனான எனக்கு என்ன வேலை? ஈ கலைப்பது.

மார்ச் 6
தூர நகரத்து லிட்கம் கம்பெனி கூப்பிட்டிருக்கிறது! வெள்ளிக்கிழமை இன்ரர்வியூ, நேரில் வர வேண்டுமாம். நிரூபாவிடம் சொன்னேன்.
"போட்டு வாங்கோ."
"வேலை கிடைச்சால்?"
"நீங்கள் அங்கை, நான் இங்கை."
எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள். நான் இருந்தால் என்ன, போனால் என்ன?

மார்ச் 10
நாளை விடியப் புறப்பாடு. காரைக் காய்ந்த ஆற்றுக்குள் மர நிழலில் விட்டேன். ஊரில் வேறு நிழல் ஏது? பகல் முழுக்கக் காருக்குள்தான் படுத்துக்கொண்டு படித்தேன். கடைக்கார டக் வந்து, வடக்கே மழை, வெளியே எடு என்றார். அண்ணாந்து பார்த்தேன், ஒரு முகில் இல்லை. யாழ்ப்பாணத்தானுக்கா வெள்ளம் காட்டுகிறார்? எங்களுக்கு இருப்பது ஒரு வழுக்கியாறு. அதுவும் தலைக்கு மேல் மழை கொட்டினால்தான் ஓடும்.

மார்ச் 11
நாசமாய்ப் போக! எழும்பிப் பார்த்தால் ஆறு ஓடுகிறது. வானம் பளிச்சென்று இருக்கிறது, ஒரு துளி விழவில்லை, காரின் கூரை மட்டும் தெரிகிறது. ரோட்டும் போச்சு. மலையில் முன்பே பெய்த மழை இப்போதுதான் வந்து சேர்ந்ததாம். விசர் ஊர், விசர் ஆறு!
நிரூபா குசினிக்குள் நின்று அழுதாள். காருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்றேன்.
"கார் நாசமாய்ப் போகட்டும். நேற்றுப் பகல் முழுக்க அதுக்குள்ளை எல்லே படுத்திருந்தனீங்கள்!"


மார்ச் 13
வெயிலில் வெள்ளம் என்று கம்பெனிக்குப் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் சிரித்தார்கள். வேலை போச்சு. எரிச்சல் எரிச்சலாய் வருகிறது.

ஏப்ரல் 19
உப்பு ஏரியில் தண்ணீர். எங்கிருந்தோ பறவைகள் வந்திருக்கின்றன. நிரூபாவோடு போய்ப் பார்த்தேன். ஈ குறையவில்லை.

யூன் 6
நிரூபாவின் தம்பி யதுர்சன் அதே நகரத்து மெரிலேண்ட்ஸில் இருந்து என்னைக் கூட்டிப் போக வந்திருக்கிறான். அங்கே பரமட்டாவில் எனக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருக்கிறானாம். வந்ததும் காரை எங்கே விட்டான்? ஆற்றுக்குள், நிழலில்.
"வெளியிலை எடடா!"
"ஏன் அத்தான், ஸ்கை கிளியர்தானே?"
"மேலை பாக்காதை, வடக்கை பார். எங்கட ஆறு உனக்குத் தெரியாது."
வாசலில் நின்ற நிரூபா என்னையே பார்த்தாள். பிறகு மூன்று பேருக்கும் தேத்தண்ணீர் வைக்கப் போனாள்.
யதுர்சன் நாளை தனியாகத்தான் போகிறான்.